தாமதமும் மறுப்பும்

பிரார்த்தனை செய்கிறவன் என்றேனும் ஒருநாள் எதிர்கொண்டே தீரவேண்டிய வினா ஒன்றுண்டு: வேண்டியதற்கு விடை வாராதபோது, அது மறுக்கப்பட்டதென்று கொள்வதா, இன்னும் வந்து சேரவில்லையென்று கொள்வதா? ஈசுவரனுடைய மௌனத்தைக் குறித்து ஆஸ்திகரும் நாஸ்திகரும் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். ஆயினும் காத்திருப்பவன் தன் காத்திருப்புக்கு வகுத்துக்கொண்ட கால எல்லையை எந்த அளவுகோலால் வகுத்தான் என்று கேட்டவர் சிலரே. அக்கேள்வியின் கனத்தை நான் உணர்ந்தது, சாஸ்திர நூல்களில் அன்று; தொலைதூரக் கம்பியில்லா இணைப்பின் பொறியியலில்.

நாம் வீட்டில் பயன்படுத்தும் வைஃபை குறுகிய தூரத்துக்கென வகுக்கப்பட்டது. அது அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் எதிர்முனை உடனே ஒப்புகை அனுப்பவேண்டும். மைக்ரோ விநாடிகளால் அளக்கப்படும் சிறு அவகாசத்துக்குள் ஒப்புகை வாராவிடில், பொட்டலம் தொலைந்ததென்று முடிவுகட்டி, அதனையே மீண்டும் அனுப்பும். ரேடியோ அலை ஒளியின் வேகத்திற் செல்வதாயினும், ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோ விநாடி ஆகிறது. ஆகவே, கோபுரங்களின் உச்சியில் ஒன்றையொன்று நேர்நோக்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தி, இதே கருவியைப் பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளதோடு பேசவிட்டால் விபரீதம் நேர்கிறது. செய்தி பழுதின்றிச் சேர்ந்து, ஒப்புகையும் புறப்பட்டு, அது வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பிய கருவி பொறுமையிழந்து மறுபடியும் பேசத் தொடங்குகிறது. பேசும்போது கேட்கும் சக்தி அதற்கில்லை. ஆதலால் வந்த விடையும் வீணாகிறது.

கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் உழைத்த குழுவினர் இதற்குக் கண்ட பரிகாரம், அலைபரப்பும் வலிமையைக் கூட்டுவதன்று, ஒழுங்கை மாற்றுவது. பேசுவதற்கும் கேட்பதற்கும் முறைவைத்துக் காலம் பகுத்தார்கள். பொட்டலந்தோறும் விடை கேளாமல், பலவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்புகை பெறச் செய்தார்கள். 2007-இல் வெனிசுவேலாவின் மலைமுகடுகளுக்கிடையே எர்மான்னோ பியெட்ரோசெமோலி 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பை நிலைநாட்டியபோது, ஒலியடங்கிய அந்த நெடுவெளியைத் தாண்டி விடை வந்தது. காத்திருக்கும் அளவைத் தூரத்துக்கேற்பத் திருத்தியவர்களுக்கே வந்தது.

பொறுமையிழந்த அக்கருவியின் குறை மனிதனுடைய பிரார்த்தனையிலும் இருக்கிறது. அண்டை வீட்டானிடம் கேட்ட உதவிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்போமோ, அதே அளவை வைத்துக்கொண்டு அனந்தத்தினிடமும் விடை எதிர்பார்க்கிறோம். வாராவிடில் வேண்டுதலை மேலும் உரக்கச் சொல்கிறோம். அந்த ஆரவாரத்திடையே கேட்கும் சக்தியை இழந்துவிடுகிறோம். பொறியாளருக்குத் தூரம் தெரியும், பக்தனுக்குத் தெரியாதே என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் தூரம் தெரியாதவன் பெறவேண்டிய முடிவு, விடையில்லை என்பதன்று. விடையில்லையென்று தீர்ப்புச் சொல்லத் தனக்கு இன்னும் அதிகாரம் பிறக்கவில்லை என்பதே.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஸ்ரீ அரவிந்தரிடம் ஈடுபாடு கொண்ட டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அப்பெர்க்கிலிக் குழுவினரோடு சேர்ந்து தேனி வட்டாரத்தில் இந்தத் தொலைதூர வைஃபை இணைப்பைப் பயன்படுத்தியது. கிராமத்துக் கண் பரிசோதனை மையத்தில் ஒரு மூதாட்டி, விளக்குக் கருவியின் தாங்கியில் மோவாயை வைத்து அமர்கிறார், பயிற்சி பெற்ற பெண்ணொருத்தி கண்ணைச் சோதிக்கிறாள், தேனியிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றி, "என்ன பாட்டி, எத்தனை நாளா மங்கலா இருக்கு?" என்று கேட்கிறார். கோபுரம் கோபுரமாகத் தாவி அந்தக் கேள்வியையும் பதிலையும் சுமந்து மைய வலைக்குச் சேர்க்கும் பின்னிணைப்பை, பொறியாளர் பேக்ஹால் என்கிறார்கள். அதனை அந்த மூதாட்டி அறியார், அறியவேண்டியதுமில்லை.

அங்கே யாரும் அவரை நோக்கி, பொறுத்திரு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று உபதேசிக்கவில்லை. ஈசுவரன் திறத்தில் பொறுமை நமக்குரிய சாதனை. ஆனால் நாம் போடத் தவறிய இணைப்பினால் அயலான் படும் தாமதத்துக்குத் தெய்வத்தின் மௌனமென்று பெயரிடுவது பாவம். தேனியில் இயந்திரத்துக்குப் பொறுமை கற்பித்தார்கள். கண் மங்கிய மனிதர் காத்திருக்க வேண்டாமென்றே கற்பித்தார்கள். தன் பிரார்த்தனைக்கு விடை தாமதிப்பதைச் சகித்துக்கொண்டு, பிறர் பிரார்த்தனைக்குத் தானே விடையாக விரைபவனிடத்தில் பக்தி பரிபூரணமடைகிறது.