செபமாலையின் மூச்சு



அறுவடை முடிந்த நாட்களில் நம் பாரிட் புந்தாரில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயலில் எங்கோ வைக்கோலுக்குத் தீ வைத்திருப்பார்கள். காயும் துணியை அவசரமாக எடுப்போம், ஜன்னலைச் சாத்துவோம், பிள்ளைகள் இரும ஆரம்பிப்பார்கள். 2015-லும் 2019-லும் பெரிய புகைமூட்டம் வந்தபோதும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

போன வாரம் திருப்பலிக்கு முன்னால் நம் பாட்டி ஒருவர் கோவில் படியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் பல வருஷம் பால்மரம் சீவியவர். “மூச்சு வாங்குது ஃபாதர், நீங்க உள்ள போங்க, நான் மெதுவா வந்துர்றேன்” என்றார். எனக்குப் போக மனம் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. அப்போதுதான் தெரிந்தது, படியேறாத எனக்கும் மூச்சு மேல்நெஞ்சோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்பானவர்களே, நீங்கள் வயிறுவரை நிதானமாக மூச்சு இழுத்துவிட்டு எத்தனை நாளாகிறது? வீட்டுக் கடன், பினாங்குக்கு வேலைக்குப் போய்ப் போன் எடுக்காத மகன், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போன வருஷங்கள். எதைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி வைத்திருக்கிறீர்கள்?

கடவுள் நம்மைச் செய்த விதத்திலேயே ஆறுதல் இருக்கிறது. நுரையீரலுக்குக் கீழே உதரவிதானம் என்ற தசை உண்டு. அது இறங்கினால் வயிறு முன்னே வரும், காற்று அடிவரை போகும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறு தடவையாக நிதானப்படுத்தினால், மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஓடும் வேகஸ் நரம்பு இதயத்தைச் சாந்தப்படுத்துகிறது. விடாமல் பழகுகிறவர்களுக்கு இரத்த அழுத்தமும் ஓரளவு இறங்குகிறது.

இத்தாலியில் லுசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 23 பேரைச் செபமாலை சொல்ல வைத்துப் பார்த்தார்கள். 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. லத்தீன் மொழியில் மங்கள வார்த்தை செபத்தைச் சொன்னபோது, அவர்கள் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியிருந்தது. யோக மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும் அப்படியே. இதைப் படித்த அன்று நான் செபமாலையை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்கிறோம். நாம் சொல்லும்போது மூச்சு வெளியே போகிறது. அடுத்தவர் நமக்காகச் செபிக்கும்போது உள்ளே வருகிறது.

நம் அன்பியக் கூட்டங்களில் முதல் பாதி முடியும் முன்பே இரண்டாம் பாதியைத் தொடங்கிவிடுகிறோம். உங்களைக் கண்டிக்கவில்லை. பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள், விடிந்தால் ஷிப்ட் இருக்கும். ஐம்பத்து மூன்று மணிகளை ஓடி முடிப்பதைவிட ஒரு பத்து மணியை நிதானமாகச் சொன்னாலும் அன்னை மரியா மகிழ்வார் என்றே நம்புகிறேன்.

வீட்டிலும் செய்யலாம். நாற்காலியில் சாய்ந்து, தோளைத் தளரவிட்டு, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுங்கள், கை உயர வேண்டும். சுடச்சுட இருக்கும் கோப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். ஆஸ்துமா பம்பையும் பிரஷர் மாத்திரையையும் மட்டும் இதற்காக விட்டுவிடாதீர்கள். நெஞ்சு வலியோடு மூச்சு திணறினால் செபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டியையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன்.

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சீடர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். ஆண்டவரைக் கைவிட்டு ஓடியவர்கள் அவர்கள். அவர் உள்ளே வந்து கணக்குக் கேட்கவில்லை. சமாதானம் சொல்லி, அவர்கள் மேல் ஊதினார். தூய ஆவியையும் பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தையும் அந்த மூச்சோடுதான் கொடுத்தார். நம் ஆயர் கிறிஸ்மா எண்ணெயை அர்ச்சிக்கும்போது அதன்மேல் ஊதுகிறாரே, அந்த எண்ணெய்தான் உங்கள் நெற்றியில் பூசப்பட்டது.

அண்ணன்மேல் உள்ள கசப்பு இன்றே போய்விடாது. எனக்கும் அப்படிச் சில உண்டு. ஆண்டவருக்கு அவசரமில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

விசுவாச அறிக்கைக்கு எழுவதற்கு முன் ஒரு நிமிடம் அமைதியாக இருப்போம். கையை வயிற்றில் வையுங்கள். மெதுவாக இழுத்து, மெதுவாக விடுங்கள். ஆறு மூச்சு. பாட்டி முடித்த பிறகு எல்லோரும் எழுந்திருப்போம்.