வண்ணப்பூச்சுக்கு அடியில் உள்ளதை அறியும் அளவை

இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள லியொனார்டோ டா வின்சியின் ‘பாறைகளிடையே கன்னி மரியாள்’ என்னும் ஓவியம், மரியாள் பிறவிப் பாவமின்றிக் கருவில் உருவானார் என்னும் அமலோற்பவக் கொள்கையைப் போற்றிய மிலான் நகரப் பக்தர் சபை ஒன்றின் பலிபீடத்துக்காக வரையப்பட்டது. அதன் வண்ணப்பூச்சுக்கு அடியில், மரியாள் மண்டியிட்டு ஒரு கையை நீட்டியிருக்கும் வேறொரு வரைவு மறைந்திருப்பதை அகச்சிவப்புக் கதிர்ப் படங்கள் 2005இல் வெளிப்படுத்தின. ஓவியரே கைவிட்டு மூடிய, வெறுங்கண்ணுக்கு எட்டாத அவ்வுருவைக் ‘கண்டோம்’ என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது?

அறிவு பெறும் வழிகளை அளவை எனக் குறிக்கும் சைவ சித்தாந்தம், நேரே அறியும் காண்டல், ஏதுவைக் கொண்டு மறைந்ததை உய்த்துணரும் கருதல், நம்பத்தக்க நூலின் சொல்லாகிய உரை என மூன்றை முதன்மையாகக் கொள்கிறது. அகச்சிவப்புப் படம் காண்டலைப் போலத் தோன்றினும் உண்மையில் கருதலின்பாற்பட்டதே. அக்கதிர்கள் பல நிறமிகளை ஊடுருவிச் சென்று கரிக்கோடுகளால் உட்கவரப்படுவதால் கோடு கருமையாகப் பதிகிறது. ஒரு படத்தில் ஓவியத்தின் சிறு பகுதியே அடங்குவதால், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு பல துண்டுகள் எடுக்கப்படுகின்றன. பின்னர் மென்பொருள், இரு துண்டுகளுக்கும் பொதுவான புள்ளிகளைத் தேடி, அவற்றைத் திருப்பியும் அளவு மாற்றியும் பொருத்தி, ஒளிர்வைச் சமன்செய்து, இணைப்புத் தடம் தெரியாமல் கலக்கிறது. தவறாகப் பொருத்தினால் ஒரு கோடு இரண்டாகும். மிகையாகச் சமன்செய்தால் மெல்லிய கோடு மறைந்தே போகும்.

ஆகவே ஏதுவைக் காட்டாத கருதல் ஏற்கத்தக்கதன்று. நிரல் மூடப்பட்ட மென்பொருளைக் கொண்டு பெற்ற படத்தை ஏற்பவர், தம்மை அறியாமலே அதனை உரையாக ஏற்கிறார். உரை தாழ்ந்த அளவையன்று. இறைவனைப் பற்றிய அறிவுக்கு அது இன்றியமையாதது. ஆனால் அம்மதிப்பை ஒரு வணிகக் கருவிக்கு அளிப்பது முறையாகாது. இதற்கு மாறாக, 1989இல் ஐரோப்பிய ஆதரவுடன் தொடங்கிய வசாரி என்னும் ஓவியப் பதிவுத் திட்டத்தில் பிறந்து, அதே ஓவியக் கூடத்தில் வளர்ந்த, இத்தகைய துண்டுகளைப் பொருத்தவல்ல விப்ஸ், கட்டற்ற மென்பொருள். அதாவது, அதன் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு.  இத்தகைய மென்பொருளுடன் மூலத் துண்டுப் படங்களையும் வெளியிடும் நிறுவனத்தின் முடிவை ஐயுறுபவர், அவற்றை வேறு பொதுப்புள்ளிகளைக் கொண்டு மீண்டும் பொருத்தி, நீட்டிய கையின் கோடு அதே இடத்தில் நிற்கிறதா என்று தாமே சோதிக்க முடியும்.