பிறர் கோலும் நம் நிலமும்

பிறர் கோல்கொண்டு நம் நிலத்தை அளக்கலாமோ? அச்சுவேலியிலும் அயலூர்களிலும் சங்கச் செய்யுள் கற்பிக்கும் சைவாசிரியர்கள் முன் நிற்கும் வினா இதுவாம்.

பேராசிரியர் க. கைலாசபதி, மார்க்சீயக் கொள்கையுடைய கிரேக்க மொழியறிஞர் யோர்ஜ் தொம்சனிடம் பேர்மிங்காமிலே பயின்று, சங்க வீரப்பாட்டுக்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்புநோக்கி ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1968 இல் ஒக்ஸ்போட்டிலே நூலாக வெளிவந்தது. பாணரும் பொருநரும் வாழ்ந்த சமுதாயத்தைப் பாட்டினுள்ளே காணும் வழியை அது காட்டிற்று. அப்பாட்டுக்கள் வாய்மொழியாகப் பிறந்தனவென்பதை மறுத்தாரும் உளர்.

அக்கோல் எதன்மேல் நிற்கின்றது? மக்களின் வாழ்நிலையே அவர்தம் கருத்தை ஆக்குமென்னும் மார்க்சின் துணிபின்மேல் நிற்கின்றது. அதனைக் கூறாது முடிபை மாத்திரம் யாமும் பல்லாண்டு கரும்பலகையில் எழுதினேம். “இம்முடிபு எவ்வாறு பெறப்பட்டது?” என மாணாக்கனொருவன் வினவியபோது விடையின்றி நின்றேம். ஆராயாது ஏற்றல் கல்வியன்று. ஆராயாது இகழ்தலும் அன்னதே.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே உலகாயதனை முதற்கண் நிறுத்தி, அவன் கொள்கையைக் கூறிய பின்னரன்றோ மறுத்தனர்? உலகாயதமும் மார்க்சீயமும் ஒன்றல்ல. ஆயினும் பிறர் கொள்கையை ஆராயுமுறை ஒன்றே.

பாட்டுப் பிறந்த சமுதாயத்தை அறிதற்கு அக்கோல் பெரிதும் உதவும். பாட்டின் பொருள் முழுவதும் அவ்வளவே என்பது அக்கோலால் அளந்தறிந்ததன்று, அளக்குமுன்னரே கொண்டதாம். இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.

ஆதலின், அன்பர்காள், கோலை எறியற்க. அளக்குமுன் கோலையும் அளந்து காட்டுக. அளவை கூறிப் பின் பொருள் கூறுதல் நம் முன்னோர் நெறியே.