சாவாமையும் பிறவாமையும்

சாவினின்றுந் தப்புதல் வேண்டும் என்னும் விருப்பம் உயிர்கட்கெல்லாம் இயல்பாக உள்ளது. எறும்பும் காலடிக்கு அஞ்சி விலகுகின்றது. ஆயினும் அவ்விருப்பத்தையே ஒரு தத்துவமாக வகுத்து, அதற்கு நூலும் சங்கமும் பொருட்குவையும் அமைத்துக்கொண்ட கூட்டமொன்று மேனாட்டிற் சில காலமாக வளர்ந்து வருகின்றது. 'டிரான்ஸ்ஹியூமனிசம்' என்பது அதன் பெயர். மானிட வரம்பைக் கடத்தல் என்று பொருள் கொள்க. உயிர்நூற் புலவராகிய ஜூலியன் ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் 1957-ஆம் ஆண்டில் இப்பெயராலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். மூப்பும் சாவும் விதியல்ல, தீர்த்தற்குரிய நோய்களே என்பது இன்று அக்கூட்டத்தாருட் பலர் துணிபு. காரைக்காலிலும் கற்ற இளைஞர் இதனை வியந்து பேசக் கேட்கின்றோம். மடங்களிற் பாடங்கேட்கும் மாணவர் சிலரும், 'இதற்குச் சித்தாந்தம் யாது கூறும்?' என வினவுகின்றனர். வினாத் தக்கதே. அதனை நகைத்து ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று.

முதற்கண் அவர் செய்வனவற்றை உள்ளவாறு அறிதல் வேண்டும். அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சார்ந்த உளநூற் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்பார் 1967 சனவரி 12-ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். அவருடலை எரித்தலும் புதைத்தலுஞ் செய்திலர். பிற்கால மருத்துவம் எழுப்பும் என்னும் நம்பிக்கையால் உறைகுளிரில் இட்டனர். 1972-இல் தோன்றிய ஆல்கோர் நிறுவனத்தாரது காவலில், திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிரில், அவ்வுடல் இன்றும் அரிசோனாவில் இருக்கின்றது. அங்ஙனம் இடப்பட்டோருள் எழுந்தவர் இதுகாறும் ஒருவருமிலர். ரே கர்ஸ்வைல் என்பார் 2005-இல் எழுதிய நூலில், 2045-ஆம் ஆண்டளவிற் பொறியறிவு மக்களறிவினை விஞ்சி அதனொடு கலக்கும் என்று நாட்குறித்தார். மூளையிலுள்ள நினைவனைத்தையும் கணிப்பொறிக்கு மாற்றி, உடம்பின்றியே வாழலாம் என்பாரும் அக்கூட்டத்துளர்.

இனி, மெய்யாக வாழ்ந்தோர் எல்லை யாதெனின், 1954 வரை இக்காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலே, ஆர்ல் நகரத்து ழான் கல்மான் என்னும் மூதாட்டியார் 1875-இற் பிறந்து 1997-இல் 122 ஆண்டு நிறைந்த பின் மறைந்தார். அவ்வெல்லையைக் கடந்தாராக உறுதிப்பட்டவர் பிறர் இலர். தில்லையிற் பிறந்து, 2009-இல் வேதிநூலுக்கான நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், யாம் ஏன் இறக்கின்றோம் என்னும் பொருள்பற்றி 2024-இல் ஒரு நூல் வெளியிட்டனர். உடலணுக்களிலும் அவற்றின் கூறுகளிலும் கேடு சிறிது சிறிதாகத் திரள்வதே மூப்பு என்று விளக்கி, சாவை வென்றுவிடுவோம் என்பாரது ஆரவாரத்தை அவர் ஐயுறவோடே நோக்குகின்றார். அறிவியலாருள்ளும் இவ்வடக்கம் உண்டென்பதை நம் மாணவர் மறவாதிருக்க.

நம்மவருள் ஒரு சாரார் இவை யாவும் அசுரச் செய்கை என்று வைவர். அது பொருந்தாது. மருந்தும் வினைப்பயன் உயிரை வந்தடையும் வாயில்களுள் ஒன்றேயாம். யாமும் அறுபதைக் கடந்து, கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட பின்னரே ஏடு படிக்கின்றோம். மற்றொரு சாரார், 'இவையெல்லாம் எம் சித்தர்கள் முன்னரே செய்தன' என்று மேடையேறி முழங்குவர். இவரே நமக்குப் பெரிதும் இடர் விளைப்பவர். சித்தர் செய்தது இன்னது, எதன்பொருட்டு என்று ஆராயாமல் அவரை உறைகுளிர்க்காரர்க்கு முன்னோராக்குதல் அவர்க்குப் பெருமையாகாது.

காரைக்காலினின்று தரங்கம்பாடி வழியாக வடக்கே செல்வார்க்குத் திருக்கடவூர் அணித்து. அட்டவீரட்டத்துள் ஒன்றாகிய அத்தலத்தில், அறுபதாம் ஆண்டு நிறைவும் எண்பதாம் ஆண்டு நிறைவும் கொண்டாட நாடெங்கணுமிருந்து முதியோர் வருகின்றனர். அங்கு எழுந்தருளிய பெருமானுக்கு அமிர்தகடேசர் என்பது திருநாமம். கடைந்தெடுத்த அமிழ்தக் குடத்தை வைத்த இடத்திலே அது சிவலிங்கமாகி நிலைத்தது என்பது தலவரலாறு. சாவா மருந்து தேடிப் போந்தார்க்கு எதிர்ப்பட்டது இலிங்கம் என்னும் இதனை நின்று நினைக்க. அமிழ்துண்டாரும் தத்தம் கால எல்லையில் ஒடுங்குவர். நஞ்சுண்டானே ஒடுங்காது நிற்பவன். மார்க்கண்டேயரும் பதினாறு ஆண்டினை நூறாக்கும் உபாயம் தேடினாரல்லர். பூசைக்குரிய நாளிற் பூசை செய்துகொண்டிருந்தார், காலன் வந்தபோது பற்றுக்கோட்டைப் பற்றினார். அவ்வரலாற்றிற் பலர் விரைந்து கடந்துவிடும் பகுதியொன்று உண்டு. காலன் வீழ்ந்தபின் சாவொழிந்த உலகத்திற் பாரம் பொறாது நிலமகள் முறையிட்டாள். பெருமான் காலனை எழுப்பி மீட்டும் அத்தொழிலில் நிறுத்தியருளினன். ஓரடியாரைக் காத்தது அருள். காலனை எழுப்பியதும் அருளே. சாவு தவறுதலாக உலகிற் புகுந்த பிழையன்று என்பது இதனாற் பெறப்படும்.

உடல் தொடர்தலே ஆள் தொடர்தல் என்பாரை ஒன்று வினவுவோம். ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1951-இல் கருப்பை வாய்ப் புற்றினால் இறந்தார். அப்புற்றினின்றும் எடுத்த அணுக்கள் 'ஹீலா' என்னும் பெயரால் உலகத்து ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டே உள்ளன. மக்களது இயல்பான அணு ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடும் என்பதை ஹேஃப்லிக் என்பார் 1961-இற் காட்டினார். ஓயாது பிரிவது புற்றணு. அப்பெண்மணியின் உடற்கூறு சாவாமை எய்தியது, அவ்வம்மை எய்தினாரோ? இல்லையென்பதை அவர்தம் மக்களே அறிவர்.

மனத்தைப் பொறிக்கு மாற்றுவோம் என்னும் இரண்டாங் கூற்று இதனினும் நுண்ணியது. நம் நூல்கள் நேரே விடை கூறுவதும் இதற்கே. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பினை மாயையாலாய யந்திரம் என்றே வழங்குவர். ஆகலின் உடம்பு ஒரு பொறியென்று மேனாட்டார் கூறுவது நமக்குப் புதிதன்று. 'எனது உடல்' என்பான் உடலின் வேறாயவாறு போல, 'எனது மனம்' என்பான் மனத்தின் வேறு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் சடம். உயிர் அவற்றுள் ஒன்றன்று, அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றைக் கூடி நின்று அறிவது என நான்காஞ் சூத்திரம் தெளிக்கும். அமைச்சன் ஏட்டை எழுத்துப் பிழையின்றிப் படியெடுத்து வேறோர் ஊரில் வைத்தால், அங்கே அரசன் தோன்றுவனோ?

அற்றேல், திருமூலர் மூலனுடலிற் புகுந்தது யாங்ஙனம் எனின், அவ்வரலாறே நமக்குச் சான்றாம். சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறக்க, அவன் மேய்த்த பசுக்கள் சூழ்ந்து கதறின. அவற்றின் துயர் காணப் பொறாது யோகியார் அவ்வுடலிற் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மூலன் மனைவியோ தன் கணவன் என்றே அழைத்தாள். 'எனக்கும் உனக்கும் இயைபில்லை' என்று அவர் மறுத்தார். உடல் அதுவே, குரலும் அதுவே, மூளையும் அதுவே, மூலன் இலன். இன்று இறந்தாருடைய எழுத்தையும் குரலையும் கணிப்பொறிக்கு ஊட்டி, அவர்போற் பேசுவித்துக் கேட்டு ஆறுதல் பெறுவார் உளராயினர். அவர் துயரை யாம் இகழேம். ஆயினும் திருமூலர் அம்மனைவிக்கு உரைத்த கடுஞ்சொல்லை அப்பொறி ஒருகாலும் உரையாது. 'நானே உன் தந்தை' என்றே உரைக்கும். பிரிந்த உயிர்க்கு அபரக்கிரியை செய்யக் கடவ மைந்தன், பிரியவில்லையென்னும் மயக்கத்திலேயே இருந்துவிடுவன். அன்றியும் திருமூலர் உடம்பினைப் பேணியது அதனுள் உத்தமனைக் கண்டமையால். அவர் மூவாயிரம் ஆண்டு இருந்தது தமிழாகமம் பாடற்பொருட்டு என்பது சேக்கிழார் கருத்து. பாடி முடிந்தபின் ஒரு நாளும் வேண்டி நின்றிலர்.

நீண்ட வாழ்வு தீதென்று நூல் யாண்டும் கூறவில்லை. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு மாயையின் உடம்பு விளக்காக அளிக்கப்பட்டது. விடியுமளவும் விளக்கு வேண்டுவதே. நெய் பெய்து திரியைத் தூண்டுதலிற் குற்றமில்லை. விடியலே வேண்டாம், விளக்கே போதும் என்பதன்றோ இப்புதுக்கொள்கை? 'யான் இவ்வாறே என்றும் இருத்தல் வேண்டும்' என்னும்போது, அந்த 'யான்' யாது? நீக்கற்குரிய ஆணவமே அது. பொருளுடையார் சிலர் அதற்கே ஆயிரமாண்டு தேடுகின்றனர்; திருநள்ளாற்றிற் சனிப்பெயர்ச்சிக்கு நிற்கும் ஏழை முதியோனோ, பெண்ணின் மணம் முடியும்வரை இருந்தாற் போதும் என்று வேண்டுகின்றான். அவன் வேண்டுதல் நமக்கு மேலாகவே தோன்றுகின்றது.

இக்காரைக்காலிலே பிறந்த அம்மையாரும் உடம்பினை மாற்றிக்கொண்டவரே. ஆனித் திங்களில் மாங்கனித் திருநாள் காண்போர் மாங்கனியை நினைக்குமளவு இதனை நினைப்பதில்லை. பரமதத்தன் அவர் அடியில் வீழ்ந்தபின், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார். மானிட வரம்பைக் கடந்த வடிவு அது. எவரும் விரும்பாத வடிவும் அது. கயிலையில் இறைவன் 'அம்மையே' என விளித்து, வேண்டுவது யாதென வினவியபொழுது, முதற்கண் இறவாத அன்பு கேட்டார். பின்னர்ப் பிறவாமை கேட்டார். பிறப்பு உண்டாயின் மறவாமை கேட்டார். ஆடும்போது அடிக்கீழ்ப் பாடியிருக்கக் கேட்டார். இறவாமை என்னும் சொல்லை அவர் உடம்பின்மேல் வைத்திலர், அன்பின்மேல் வைத்தார். மூன்றாவதைப் பெறுதற்கு முற்பட்ட இரண்டும் கைகூடியிருத்தல் வேண்டுமென்பதில்லை; பிறவியிற் கிடப்பார்க்கென்றே அமைந்த வேண்டுகோள் அது. ஆயிரமாண்டு வாழும் உடம்பு ஒருவர்க்கு மெய்யாகவே வாய்க்குமாயின், அவர்க்கும் எஞ்சி நிற்பது அதுவே. குறுகிய பிறவிகளில் மறதியைச் சாவு கொணர்கின்றது. நீண்ட பிறவியில் அதனை வாழ்வே கொணரும்.