யார் கடன் யார் கணக்கில்?



நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் கூட்டல் கழித்தல் கற்றதும்தான் நம்முடைய மூலதனம். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு விஷயத்தை நன்றாகக் கற்றிருக்கிறோம். ஒரு மைதீன் வாங்கிய அரிசியை இன்னொரு மைதீன் கணக்கில் எழுதக்கூடாது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, தொழப் போகும் பள்ளிவாசலும் ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் ஏட்டில் அவரவருக்குத் தனிப் பக்கம் உண்டு. மாற்றி எழுதினால் அது மோசடி.

இந்தச் சின்ன விஷயத்தை ஒரு பெரிய தேசமே மறந்து தடுமாறிய காலம் ஒன்று உண்டு. அதைப்பற்றி எழுதத் துணிந்தோம்.

2001-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 11-ந் தேதி, அமெரிக்காவில் 19 பேர் நான்கு விமானங்களைக் கைப்பற்றினார்கள். இரண்டு விமானங்கள் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களிலும், ஒன்று பென்டகன் ராணுவத் தலைமையகத்திலும் மோதின. நான்காவது விமானம், பயணிகள் எதிர்த்துப் போராடியதால், பென்சில்வேனியாவில் ஒரு வெளியில் விழுந்தது. மாண்டவர்கள் 2,977 பேர். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். இது கொலை பாதகம். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்த ஜனங்கள் பயந்ததையும் நாம் குறை சொல்ல மாட்டோம். வீட்டில் தீப்பிடித்தவன் அடுத்த நாள் அடுப்பைப் பார்த்தும் நடுங்கத்தான் செய்வான்.

பயம் இயற்கை. பயந்தபின் மனிதன் என்ன செய்கிறான் என்பதே கேள்வி.

அமெரிக்க அரசாங்கம் 45 நாட்களுக்குள் புதிய சட்டம் கொண்டுவந்து, குடிமக்களை வேவு பார்க்கும் அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டது. விமான நிலையச் சோதனை தனி இலாகாவாயிற்று. பிறகு 22 இலாகாக்களை ஒன்று சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு உண்டாயிற்று. 2006 முதல் 2025 வரை பிரயாணிகள் பெரும்பாலோர் சப்பாத்தைக் கழற்றிச் சோதனைக்கு வைத்துவிட்டுத்தான் விமானம் ஏற முடிந்தது. இதில் சிரமம் இருந்தது. ஆனால் பெரிய அநியாயம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. பாதிரியாரும் கழற்றினார், ஹாஜியாரும் கழற்றினார். எல்லோருக்கும் ஒரே தராசு.

2002-இல் வந்த இன்னொரு ஏற்பாடு அப்படிப்பட்டதல்ல. இருபத்தைந்து நாடுகளிலிருந்து வந்து தங்கியிருந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். அந்த இருபத்தைந்தில் இருபத்துநான்கு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தாமாகவே போய் வரிசையில் நின்றார்கள். பதின்மூவாயிரம் பேருக்கு மேல் நாடு கடத்தும் வழக்கில் சிக்கினார்கள். பயங்கரவாதக் குற்றம் ருசுவானவர் ஒருவர்கூட இல்லை. 2016-இல் அந்த ஏற்பாட்டை அடியோடு ஒழித்தார்கள். ஊருக்கெல்லாம் ஒரு படிக்கல், ஒரு ஜாதிக்கு மட்டும் வேறு படிக்கல் என்று வைத்த கடை எத்தனை நாள் நிற்கும்?

அரசாங்கம் இப்படி என்றால், தெருவில் நடந்தது இன்னும் கொடிது. ஜனாதிபதி புஷ் ஆறாவது நாளே வாஷிங்டன் பள்ளிவாசலுக்குப் போய், முஸ்லிம்கள் மீது கை வைக்காதீர்கள் என்ற கருத்தில் பேசினார். அது நல்ல காரியம். ஆனால் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள், அந்நாட்டுப் போலீஸ் கணக்குப்படி, 2000-இல் 28 ஆக இருந்தவை 2001-இல் 481 ஆயின.

வியாபாரிகளாகிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் அடிபட்டவர்கள் யார்? கடைக்காரர்கள். அரிஸோனா மாகாணத்தில் மேசா நகரில் பெட்ரோல் நிலையம் வைத்திருந்தவர் பல்பீர் சிங் ஸோதி. அவர் முஸ்லிம்கூட அல்ல. தலைப்பாகையும் தாடியும் கொண்ட சீக்கியர். கோபுரத்தில் மாண்டவர்களின் குடும்பங்களுக்காகப் பையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர். சம்பவம் நடந்த நான்காம் நாள் தம் கடை வாசலில் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாள் டெக்ஸாஸில் பாகிஸ்தானிய மளிகைக் கடைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அவரைச் சுட்டவனே பிறகு பெட்ரோல் நிலையம் நடத்திய இந்து சகோதரர் ஒருவரையும் கொன்றான். ஏன் கடைக்காரர்கள்? கடைக்காரன் கதவைத் திறந்து வைத்திருப்பவன். யார் வந்தாலும் "வாங்க" என்று சொல்லுவதே அவன் தொழில்.

ஒருவன் கடனை மற்றவன் கணக்கில் எழுதுகிறவனுக்கு நிறுத்தும் இடம் தெரியாது. முஸ்லிம் கணக்கில் எழுதப் போனவன் சீக்கியர் கணக்கிலும் இந்து கணக்கிலும் எழுதிவிட்டான்.

அமெரிக்கர்களுக்கு இது முதல் தடவையுமல்ல. 1942-இல், ஜப்பான் குண்டு போட்டதற்காக, ஜப்பானிய வம்சத்தார் சுமார் ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேரை முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். 46 வருஷம் கழித்து, 1988-இல், அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு இருபதினாயிரம் டாலர் கொடுத்தது. அந்த முகாமில் சிறுவனாக அடைபட்ட நார்மன் மினேட்டா என்பவரே 2001-இல் போக்குவரத்து அமைச்சர். இனத்தையும் மதத்தையும் பார்த்து எவரையும் விமானத்தில் ஏற விடாமல் தடுக்காதீர்கள் என்று அவர் விமானக் கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டார். அடிபட்டவன் அடிக்கப்படுகிறவனை மறக்காமலிருந்தது அந்தத் தேசத்துக்குக் கிடைத்த பாக்கியம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ரயீஸ் பூய்யான், பங்களாதேஷ்காரர். மேலே சொன்ன டெக்ஸாஸ் கொலைகாரன் இவரையும் சுட்டான். கல்லாவில் நின்ற இவரை, எந்த ஊர் என்று கேட்டுவிட்டு முகத்தில் சுட்டான். ஒரு கண் போயிற்று, உயிர் தப்பிற்று. சில வருஷம் கழித்துத் தம் தாயாருடன் ஹஜ் செய்து திரும்பினார். திரும்பியவர் அந்தக் கொலைகாரனின் உயிரைக் காப்பாற்ற வழக்காடினார்! முடியவில்லை, 2011-இல் தண்டனை நிறைவேறிற்று. ஆனால் கணக்கை எப்படி முடிப்பது என்பதை அவர் காட்டிவிட்டார். சுட்டவன் அவரை ஓர் இனமாகப் பார்த்தான். அவரோ அவனை ஒரு மனிதனாகப் பார்த்தார்.

இத்தோடு பேனாவை மூடிவிட்டால் நாம் நல்லவர், அவர்கள் கெட்டவர் என்று முடிந்துவிடும். அது பொய்க் கணக்கு. ஆகையால் நம் ஏட்டையும் திறக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பத்திரிகையில் எங்கோ குண்டு வெடித்த செய்தி. நம் கடைக்கு ஒரு பங்களாதேஷ் தொழிலாளி வந்தான். பெரிய பை ஒன்றை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஆளைக் காணோம். நமக்குக் கை நடுங்கியது. அவன் திரும்பி வந்ததும் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டோம். பையைத் திறந்து காட்டச் சொன்னோம். உள்ளே ஒரு கம்பளி, பிள்ளைகளுக்கு உடுப்பு, பால்மாவு. ஊருக்குப் போகிறவன், சாமான் தூக்க ஒரு கூட்டாளியை அழைத்துவரப் போயிருக்கிறான். "மாப் கரோ, பாய்" என்று அவன்தான் நம்மிடம் மன்னிப்புக் கேட்டான். பழைய பாக்கி ஆறு வெள்ளியை எண்ணி வைத்துவிட்டுப் போனான். பிறகு வரவேயில்லை.

நாமும் முஸ்லிம், அவனும் முஸ்லிம். நம்மைப் பிறர் சந்தேகித்தால் வேதனைப்படுகிறோம். நாமோ நொடியில் அதையே செய்தோம். அவன் பாக்கி தீர்ந்தது. நம் பாக்கி இன்னும் நிற்கிறது.

"எவனோ செய்த அக்கிரமத்துக்கு நாம் ஏன் வாய் திறக்க வேண்டும்?" என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். குற்றவாளிகளாக நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடன் நம்முடையதல்ல. ஆனால் அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது எல்லா மனிதர்க்கும் உள்ள கடமை. 2019-இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நம்மவர் 51 பேரைச் சுட்டுக் கொன்றபோது, அந்நாட்டு ஜனங்கள் பூங்கொத்துகளோடு வாசலில் வந்து நின்றார்களே! அவர்களில் யார் குற்றவாளி? ஆனாலும் வந்தார்கள். அவர்கள் நிறத்தைப் பார்த்து நாம் கதவைச் சாத்தியிருந்தால் அது எவ்வளவு பெரிய பாவமாகியிருக்கும்!

சட்டம் வரும், போகும். கழற்றிய சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்கும் கண் ஒரு தடவை கோணிவிட்டால் அதை நேராக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. அதை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும். மறுமையில் அவரவர் ஏடு அவரவர் கையில் என்று நம்புகிற நாம், இந்தத் துனியாவின் கடையிலும் அவரவர் பக்கத்தில் எழுதப் பழகுவோமாக.

வஸ்ஸலாம்.