மலைநாட்டைக் கேட்டவர்கள்



போன மாத உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, நம் மூத்த விசுவாசி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. சித்தேரி மலைக்கு நாம அனுப்பின தம்பி குடும்பம் போயி நாலு வருஷமாச்சுங்க. மாசாமாசம் காணிக்கை போகுது. இன்னும் ஒரு ஞானஸ்நானம்கூட இல்லையே. அந்தப் பணத்துல கீழே ஒரு கன்வென்ஷன் போட்டா நூறு பேரு வருவாங்கல்ல?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சபையில் பலர் மனதில் இருப்பதைத்தான் வெளியே சொன்னார். எனக்கும் அந்தக் கேள்வி வந்ததுண்டு, மறைக்க மாட்டேன். அன்று ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தபோது ஆண்டவர் காலேபை நினைப்பூட்டினார்.

யோசுவா 14-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். காலேபுக்கு அப்போது வயது 85. தேசத்தைப் பங்கு போடுகிறார்கள். நீர்ப்பாய்ச்சலான நல்ல நிலம் கேட்டிருக்கலாம். "நாப்பது வருஷம் வனாந்தரத்துல நடந்தேன், திண்ணையோட ஒரு வீடு கொடுங்க" என்று கேட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவனோ மலையைக் கேட்டான். ஏனாக்கியர் இருக்கிற மலை, அரணான பட்டணங்கள் உள்ள மலை. கர்த்தர் தன்னோடிருந்தால் அவர்களைத் துரத்துவேன் என்றான் (யோசுவா 14:12). அல்லேலூயா!

இதை வாசித்ததும் நமக்குப் பக்கத்திலேயே மலையைக் கேட்ட ஒரு குடும்பம் என் நினைவுக்கு வந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அதற்கு முன்னால் நாமும் கொல்லிமலையும் ஒரே சேலம் ஜில்லா. இன்றைக்குக் கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்கிற மலையாளி ஜனங்களும், நம் சித்தேரி மலையில் இருக்கிறவர்களும் ஒரே இனத்தார். அந்த மலைக்குச் சீமையிலிருந்து வந்தவர்கள்தான் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லின் அம்மாவும்.

ஜெஸ்ஸி ஐயா இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றவர். இந்தியாவுக்கு வருமுன் லண்டனில் ஒரு வருஷம் வெப்ப நாட்டு வியாதிகளுக்கான வைத்தியமும் படித்துக்கொண்டார். ஈவ்லின் அம்மா லண்டன் பட்டணத்தில் வசதியான வீட்டுப் பெண். நிறையப் பிள்ளைகள் பிறந்த குடும்பம், நல்ல உடுப்பு, படம் வரைவதில் தேர்ந்த கை. இந்தியாவிலிருந்து வந்த ஒரு மிஷனெரி சபையில் பேசியதைக் கேட்டுத்தான் அந்த அம்மாவுக்குப் பாரம் உண்டானது. பேசியவர் இதே ஜெஸ்ஸி ஐயாதான்! 1913-ல் இருவருக்கும் விவாகம். அதோடு மலையேறிவிட்டார்கள்.

இன்று நாம் காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு சுற்றி, தலை கிறுகிறுத்தாலும், மேலே போய் இறங்கிவிடுகிறோம். அன்று நடைதான், இல்லாவிட்டால் டோலி. கீழ்நாட்டுக்காரர் மலையில் ஒரு ராத்திரி தங்கவும் பயந்தார்கள். காரணம் மலேரியா காய்ச்சல். காலேபின் மலையில் ஏனாக்கியர் இருந்தார்கள் என்றால், இந்த மலையின் ஏனாக்கியன் ஒரு கொசு. சிரிக்காதீர்கள், கடைசியில் ஜெஸ்ஸி ஐயாவின் உயிரை எடுத்தது அதுதான்.

அவர்கள் என்ன செய்தார்கள்? பிரசங்கம் மட்டும் செய்யவில்லை. வெளிநாட்டு ஊழியர் என்றால் மேடை, மைக், மொழிபெயர்ப்பாளர் என்றுதான் நமக்கு எண்ணம். ஜெஸ்ஸி ஐயா பல் பிடுங்கினார், புண் கழுவினார், வீடு கட்டினார், பள்ளிக்கூடம் வைத்தார், வாலிபருக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். மலையில் அந்த நாளில் நரம்புச்சிலந்தி என்ற வியாதி இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது, பெரியவர்களுக்குத் தெரியும். ஜனங்கள் படி இறங்கிக் காலை நனைத்து மொள்ளுகிற கிணற்றில் அதன் கிருமி பரவும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் உடம்புக்குள் புழுவாக வளர்ந்து, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி நூல்போல வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி எடுக்கவேண்டும். ஐயா அப்படிச் சுற்றி எடுத்தார். அதோடு நிறுத்தாமல், காலை நனைக்க முடியாதபடி நல்ல கிணறுகளையும் வெட்டவைத்தார். நம் தேசத்தில் அந்த வியாதி 1996-க்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. 2000-ல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அரசாங்கத் திட்டம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் ஒரு மனிதர் அந்த மலையில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார் என்பதை மறக்கக்கூடாது.

நம்மில் சிலர் கேட்பீர்கள்: "அவங்க அபிஷேகம் பெற்றவங்களா பாஸ்டர்?" அவர்கள் பெந்தெகொஸ்தேக்காரர் அல்ல, பாப்டிஸ்டுகள். அந்நிய பாஷை பேசியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. அதனால் இந்தச் சாட்சியை ஒதுக்கிவிடலாமா? எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் காயம் கட்டினவன் யார் என்று லூக்கா 10-ல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மருந்துக்கு ஜனங்கள் வந்தார்கள், வைத்தியம் முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆராதனைக்கு ஒருவரும் வரவில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவர், இவர்களோடு சேர்ந்தால் தெய்வக் குற்றம் வரும் என்று ஜனங்களைத் தடுத்தார். ஒரு மாசம், இரண்டு மாசம் அல்ல, வருஷங்கள் ஓடின. அவர்களை அனுப்பின சபையிலும் யாராவது, "காணிக்கை போகுதே, ஞானஸ்நானம் இல்லையே" என்று கஞ்சி வேளையில் கேட்டிருப்பார்களோ என்னவோ!

1918-லும் 1919-லும் உலகம் முழுவதும் வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. எதிர்த்த அந்தப் பூசாரியின் வீட்டிலும் படுத்துவிட்டார்கள். பயத்தில் சொந்த ஜனம் யாரும் கிட்டப் போகவில்லை. அந்த வாசலைக் குனிந்து நுழைந்தது ஜெஸ்ஸி ஐயா. சாகும் தறுவாயில் இருந்த அந்த மனிதர், தன் பிள்ளைகளைத் தான் எதிர்த்த இவர்கள் கையிலேயே ஒப்புக்கொடுத்தார். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு, பெண் குழந்தை. ஈவ்லின் அம்மா அதை மார்போடு அணைத்து எடுத்து வந்து, ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார். ஜனங்கள் பார்த்தார்கள். பூசாரியே இவர்களை நம்பிப் பிள்ளையைக் கொடுத்தாரே என்று பேசிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் மலையில் கதவு திறந்தது, சபை உண்டானது.

மேடைப் பிரசங்கத்தினால் திறக்காத கதவு தொட்டிலினால் திறந்தது. நான் கன்வென்ஷனுக்கு விரோதி அல்ல. அதற்கான பந்தல் பணம் இன்னும் பாக்கி இருக்கிறது, அது வேறு விஷயம்!

இனி நான் சொல்லப்போவது கஷ்டமானது. இந்தக் குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகள். 1914-ல் பிறந்த பால், அவன் தங்கை கோனி. மலையில் மரம் ஏறி, செருப்பில்லாமல் ஓடி வளர்ந்த பிள்ளைகள். ஒரு நாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் வைத்தியத்துக்கு வந்தார்கள். தகப்பன் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு புண்களைக் கட்டினார். அவர்கள் விட்டுப்போன கூடையையும் தொடவிடாமல் எரித்தார்கள். பையன் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

1923-ல் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. அடுத்த வருஷம் தாயும் தகப்பனும் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளைத் தாயின் சகோதரிகள் இருக்கிற குடும்ப வீட்டில் விட்டுவிட்டார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. அன்னாள் சாமுவேலை ஆலயத்தில் விட்டாள் என்று நாம் சுலபமாகப் பாடம் எடுக்கிறோம். அவள் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாளே (1 சாமுவேல் 2:19), அந்த ஊசி போன ஒவ்வொரு தையலிலும் எத்தனை கண்ணீர் என்று யோசித்தோமா? ஈவ்லின் அம்மா வாராவாரம் கடிதம் எழுதினார். கடிதம் கப்பலில் போகிற காலம்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி ஐயாவுக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றி, இரத்தம் உடைந்து சிறுநீர் கறுத்துப் போகிற காய்ச்சல். சில நாளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 44. லண்டனில் மகனுக்குத் தந்தி போனது. தந்தி போய்ச் சேர்ந்த பிறகு, தகப்பன் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் மெதுவாக வந்து சேர்ந்தது. மகன் பிற்பாடு இதைத் தானே எழுதியிருக்கிறார். ஒன்பது வயதில் பார்த்ததோடு சரி, அப்பாவை அவர் மறுபடி பார்க்கவில்லை. தாய் இங்கிலாந்துக்கு வந்தபோதும், கூன் விழுந்து நரைத்து நின்ற அந்த அம்மாளை முதலில் தன் தாயென்று நம்பமுடியவில்லையாம்.

இது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊழியத்தின் பேரில் பிள்ளைகளை அலட்சியம் பண்ணி, அதற்கு "விசுவாசம்" என்று பேர் வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதை நான் ஒப்புக்கொள்ளுகிறதில்லை. ஆனால் இந்தத் தாய் அலட்சியம் பண்ணவில்லை, கிழிந்துபோனார். இரண்டும் ஒன்றல்ல.

அம்மா மறுபடி இந்தியாவுக்கு வந்தார். மலையில் விதவை தனியாக இருக்க வேண்டாம் என்று மிஷன் சங்கம் கீழ்நாட்டில் வேலை கொடுத்தது. கீழ்ப்படிந்து செய்தார். மனசெல்லாம் மலையில். கொல்லிமலை மட்டுமல்ல, பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஐந்து மலைத்தொடர்களுக்குச் சுவிசேஷம் கொண்டுபோக வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட தரிசனம். 1947-ல் வயது 68. ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வழியனுப்பு விழாவும் நடத்தினார்கள். அம்மா என்ன செய்தார் தெரியுமா? இனி நான் சங்கத்து ஆள் இல்லை, எனக்கு நீங்கள் உத்தரவு போட முடியாது என்று சொல்லிவிட்டு மலையேறிப்போனார்! காலேப் கேட்ட மாதிரியே கேட்டார், கிடைக்காமல் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் 27 வருஷம். குதிரைக்குட்டி மேல் போனார். விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு கையிலும் மூங்கில் தடி ஊன்றி நடந்தார். மகன் வந்து, "அம்மா, போதும், கீழே வந்துவிடுங்கள்" என்று கெஞ்சினார். தேவன் அனுப்புகிற இடத்துக்குப் பயன்படாத உடம்பைப் பத்திரமாக வைத்து என்ன செய்ய என்கிற பதில்தான் வந்தது. கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. நம்மில் 60 வயது ஆனவர்கள் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "எனக்கு வயசாயிடுச்சுங்க பாஸ்டர்" என்கிறீர்கள். நான் யாரையும் பேர் சொல்லவில்லை.

1974 டிசம்பரில், 95-ஆவது வயதில், ஓட்டம் முடிந்தது. உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோய்க் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த மகன்? அதுதான் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் போவதால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும்தான் கெட்டுப்போகிறது என்று காட்டினார். மடங்கிப்போன கைகளை நரம்பு நாண் மாற்றி வைத்து ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். அடுத்த அறையிலிருந்து பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்ட பையன், பெரியவனாகி அந்தக் கைகளைத் தன் கையில் பிடித்தார். தொழுநோய் அதிகமாயிருந்த நம் தர்மபுரிப் பக்கத்துக்காரருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லவேண்டியதில்லை. 2003-ல் அவரும் நித்திரையடைந்தார்.

ஜெஸ்ஸி ஐயா இதில் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. 1929-ல் கணக்குப் புத்தகத்தை மூடியிருந்தால், ஒரு சின்ன மலைச் சபை, ஒரு விதவை, சீமையில் இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

ஆகவே அந்த மூத்த சகோதரருக்கு என் பதில்: ஐயா, தம்பி குடும்பத்துக்குக் காணிக்கையை நிறுத்தப்போவதில்லை. போன வாரம் நானே மேலே போய்வந்தேன். தம்பி ஒரு வீட்டில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "பாஸ்டர், ரிப்போர்ட்டுல எழுத ஒண்ணுமில்லைங்க" என்று தலை குனிந்தான். இதை எழுதுப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அவன் மனைவி தனியாக என்னிடம் ஒன்று கேட்டாள். மூத்த பெண் வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பு போகவேண்டும். கீழே அரூரில் படிக்கவைக்க ஆசை. ஹாஸ்டலில் விட மனசில்லை. "நம்ம சபையில யாராவது ஒரு அக்கா வீட்டுல, சொந்தப் பிள்ளை மாதிரி வச்சுக்குவாங்களா பாஸ்டர்?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிள்ளைக்கு நல்ல சுபாவம், ராத்திரி மட்டும் தனியாகப் படுக்கப் பயப்படும். வீட்டில் இடம் இருக்கிறவர்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து ஜெபித்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.