ஹைட்ரஜன் குண்டுக்கு ஓர் அறிவியல் விருது

2015 ஜனவரி 9 அன்று, 88 வயதான அணுக்கரு இயற்பியலாளர் யூ மின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே சீனாவின் மிக உயர்ந்த அறிவியல் விருதை அதிபர் ஷி ஜின்பிங்கிடம் பெற்றுக்கொண்டார். பரிசு 50 லட்சம் யுவான். அந்த முறை விருது அவர் ஒருவருக்கு மட்டுமே. இத்தனைக்கும் 1980களின் பிற்பகுதி வரை அவர் பெயரே அரசு ரகசியம். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது மனைவிக்கும் தெரியாது.

அணுக்கருக் கோட்பாட்டில் மூழ்கியிருந்தவரை 1961இல் ஹைட்ரஜன் குண்டுப் பணிக்கு அழைத்தார்கள். வெளிநாட்டில் படித்தவர் அல்லர். 1965 இறுதியில் ஷாங்காயில், இன்றைய கைப்பேசியோடு ஒப்பிடவே முடியாத ஒரு கணிப்பொறி கக்கிய எண்களை அலசி அலசித்தான் அவரது குழு அந்தக் குண்டுக்கு வழியைக் கண்டது. 1967 ஜூன் 17 அன்று லோப் நூர் சோதனைத் தளத்தில் விமானத்திலிருந்து போடப்பட்ட குண்டின் ஆற்றல் 33 லட்சம் டன் டி.என்.டி.க்குச் சமம், ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப் போல 200 மடங்குக்கும் மேல். முதல் அணுகுண்டு வெடித்து 32 மாதங்களே ஆகியிருந்தன. அறிவின் சாதனை என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாட்டுக் காவல் என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. 1955இல் தைவான் நீரிணைப் பூசலின்போது அமெரிக்கா அணுகுண்டைக் காட்டிச் சீனாவை வெளிப்படையாகவே மிரட்டியது. மிரட்டப்பட்டவன் தடி எடுத்தால் அவனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆனால் 1964இலேயே அணுகுண்டு என்ற தடி கையில் வந்துவிட்டதே! அதற்கு மேல் வந்தது ஊர்களை அடியோடு அழிப்பதற்கென்றே அமைந்த ஆயுதம். 1949இல் இயற்பியலாளர்கள் ஃபெர்மியும் ராபியும் அதை எந்தக் கோணத்திலும் தீயது என்று அமெரிக்க அரசுக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

சோவியத் ஹைட்ரஜன் குண்டை உருவாக்கிய சகாரோவ், வளிமண்டலச் சோதனைகளின் கதிரியக்கம் வருங்காலத் தலைமுறைகளில் எத்தனை உயிர்களைக் குடிக்கும் என்று 1958இல் கணக்கிட்டு வெளியிட்டார். பின்னாளில் அவர் அரசை எதிர்த்துப் பேசியதும், தான் தந்த மூன்று வீரப் பட்டங்களையும் 1980இல் அரசு பறித்துக்கொண்டது. ஆயுதத்துக்குக் கொடுக்கும் விருதில் வாயை மூடியிருப்பதற்கான கூலியும் சேர்ந்தே இருக்கிறது.

லோப் நூர் இருப்பது உய்கர் மக்கள் வாழும் சின்ஜியாங்கில். 1964 முதல் 1996 வரை அங்கே 45 சோதனைகள் நடந்தன. அவற்றில் 20க்கும் மேற்பட்டவை திறந்த வெளியில். காற்று போன திசையில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற முழு ஆய்வு எதையும் பெய்ஜிங் வெளியிடவில்லை. யூ மின்னின் குண்டு வடிவமைப்பும் இன்றுவரை ரகசியமே.

பிறர் படித்துப் பார்த்து, சரிபார்த்து, மறுக்கவும் கூடியதுதான் அறிவியல். யாரும் படிக்க முடியாத வேலைக்கு அறிவியலின் தலையாய விருது பொருந்தாது. நாட்டுக்கு ஆற்றிய சேவைக்காக 1999இலேயே அவருக்குப் பதக்கம் சூட்டியாயிற்று, அது போதும். 2015இல் வழங்கியது தவறான விருது.